எங்கள் பேண்டும் அதில் அடிபட்டவர்களும்

எங்கள் பேண்டில் முதலில் இரத்தம் சிந்தியவன் பாட்டுக்காரன். இலங்கை மலைநாட்டில், தெமோதரைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் அம்மன் திருவிழா. அப்போது நாங்கள் சினிமாப் பாட்டு வாசிக்கிற சாதாரணக் கோஷ்டிதான். மேல் டிவிசன்காரர்கள் ஒரு பாட்டைக் கேட்டார்கள், கீழ் டிவிசன்காரர்கள் இன்னொன்றைக் கேட்டார்கள். பாட்டுக்காரன் ஒரு தோட்டப் பள்ளிக்கூட வாத்தியாரின் மகன், யார் மனதும் நோகக் கூடாது என்று நினைக்கிறவன். "ரெண்டையும் பாடுறேங்க" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் ஒரு சோடாப் போத்தல் பறந்து வந்து வாயில் விழுந்தது. இரண்டு பல் மேடையிலேயே கிடந்தது. அவற்றைப் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறியவன்தான், பிறகு எங்கள் பக்கமே வரவில்லை.

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. தோட்டங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்டு, மாவும் அரிசியும் இல்லாமல் லயங்களின் வரிசை அறைகளில் ஆட்கள் வீங்கிச் செத்த காலம் அப்போதுதான் முடிந்திருந்தது. எல்லோருக்கும் எதன் மேலோ ஆத்திரம் இருந்தது. திருவிழாவில்தான் அது வெளியே வரும்.

மிச்சம் இருந்தது மூன்று பேர். நான் ஸ்டோர் ஃபிட்டரின் மகன். தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்றுதான் சொல்வோம். ஹோட்டலில் பைலா ஆட்டப் பாட்டு வாசித்த ஒருவர் கழித்துவிட்ட எலக்ட்ரிக் கிட்டாரை வாங்கி, கம்பி அறுந்தால் சைக்கிள் பிரேக் வயரைப் பிரித்துப் போட்டு வாசித்தேன். எங்கள் லயத்தில் அடுத்த அறையில் இருந்தவன், அடுத்த காம்பராக்காரன், டிரம் அடித்தான். பரம்பரையாகத் தப்படிக்கிற வீடு. தார் பீப்பாயை வெட்டி ஆட்டுத்தோல் கட்டி அவனே செய்த டிரம் அது. மூன்றாவது ஆள் நானா. பதுளைக் கடைவீதியில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த முஸ்லிம். என்னைவிட ஏழு வயது மூத்தவர் என்பதால் நாங்கள் எல்லோரும் நானா, அதாவது அண்ணன், என்றே கூப்பிட்டோம். பேஸ் கிட்டாரைப் பலாப் பலகையில் அவரே செதுக்கியிருந்தார். லயத்தில் கரண்ட் கிடையாது, ஆகவே அவருடைய கடையின் பின்னறைதான் எங்களுக்குப் பிராக்டிஸ் இடம்.

தமிழர்களை அடித்து விரட்டிய எழுபத்தேழு கலவரத்துக்குப் பிறகு ஒருவன் அந்தக் கடைக்கு வேலை கேட்டு வந்தான். மடுல்சீமைப் பக்கத்து ஆள். இருபது வயதிருக்கும். கழுத்து எருமைக் கழுத்து. லயத்தை எரித்துவிட்டார்கள், அப்பாவை வாசலில் வைத்து வெட்டிவிட்டார்கள் என்று, பஸ் எப்போது வரும் என்று சொல்கிற குரலில் சொன்னான். நானா அவனைச் சாமான் தூக்க வைத்துக்கொண்டார். ஒரு நாள் லொறி பேட்டரி ஒன்று கை நழுவி அவன் பாதத்தில் விழுந்தது. அவன் கத்தினான்.

அதைக் கத்தல் என்று எழுதினால் போதாது. வயிற்றின் அடியிலிருந்து கிளம்பி, தொண்டையைக் கிழித்துக்கொண்டு, மூச்சு தீர்ந்த பிறகும் நிற்காமல் வந்தது. ரோட்டில் போன ஆட்கள் நின்றார்கள். எதிர்க் கடை நாய் வாலை மடக்கிக்கொண்டு ஓடியது. நானா கையில் சோல்டரிங் கோலோடு அப்படியே நின்றார்.

"இவன் பாடுவான்டா" என்றார் என்னிடம்.

"இதுக்குப் பேரு பாட்டா நானா? காலு நசுங்கிருச்சு அவனுக்கு."

"அதத்தான் சொல்றேன். இது மாதிரிக் கத்த யாருக்கு வரும்?"

சவூதிக்கு டிரைவராகப் போயிருந்த நானாவின் தம்பி ஒரு பாட்டுக் கெசட் அனுப்பினார். அட்டையில் மண்டையோடு. போட்டுப் பார்த்தபோது மெஷின் பழுதாகிவிட்டது என்றுதான் நினைத்தோம். நானா இரண்டு தடவை ஹெட்டைத் துடைத்தார். கிட்டார் மரம் அறுக்கிற மெஷின் மாதிரி இரைந்தது, டிரம் ஓடி வந்தது, எவனோ ஒருத்தன் பேய் பிடித்தவன் போல அலறினான். மடுல்சீமைக்காரன் கூடையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டு நின்றான்.

"இது ரிப்பேர் இல்ல" என்றான். "இவனுக கோவமா இருக்கானுக."

அன்றைக்கு எங்கள் கோஷ்டி செத்து வேறொன்று பிறந்தது. அந்த இரைச்சல் எப்படி வந்தது என்று கண்டுபிடிக்க எங்களுக்கு ஒரு மாதம் பிடித்தது. கடைசியில் நானா ஒரு சவர பிளேடை எடுத்து, நல்ல ஸ்பீக்கரின் காகிதத்தை நாலு இடத்தில் கிழித்தார். "அல்லாஹ், என் கையாலேயே" என்று சொல்லிக்கொண்டே கிழித்தார். நான் கம்பியைத் தட்டினேன். தகரக் கூரையை ஆணியால் கீறினது போல ஒரு சத்தம் வந்து வயிற்றில் இடித்தது. அடுத்த காம்பராக்காரன் காமன் கூத்துக்கு அடிக்கிற தப்படியை எடுத்து மூன்று மடங்கு வேகத்தில் ஓட்டினான். மடுல்சீமைக்காரன் கண்ணை மூடிக்கொண்டு, கலவரத்தில் எரிந்த சாமான்களை ஒவ்வொன்றாகக் கத்தினான். தகரப் பெட்டி. கம்பளி. அரிசிக் கூப்பன். கட்டில். அப்பா. திரும்பவும் தகரப் பெட்டி. அதுதான் எங்கள் முதல் சொந்தப் பாட்டு. அதற்கு மெட்டு என்று எதுவும் கிடையாது. அந்தச் சீமையில் அதற்கு முன்னால் யாரும் அப்படி வாசித்ததில்லை என்று என்னால் சத்தியம் செய்ய முடியும்.

இப்படி முதல் தடவை தோட்டத்தில் வாசித்தபோது ஜெனரேட்டர் வைத்து, கோயிலுக்கு முன்னாலேயே மேடை போட்டிருந்தார்கள். பிற்பகல் நேரம். இரண்டாவது பாட்டில் பொடியன்கள் ஒருத்தனை ஒருத்தன் தோளால் இடிக்க ஆரம்பித்தார்கள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஒருத்தன் விழுந்து கை முறிந்தது. முறிந்த கையைப் பிடித்துக்கொண்டு அவனே மறுபடியும் உள்ளே போனான். திருவிழாக் கமிட்டித் தலைவர் கொழுந்து எடுக்கும்போது செடியின் மட்டம் பார்க்கிற மட்டக்கம்போடு மேடை ஏறினார்.

"சாமிக்கு முன்னால என்னடா ஓலம்? எவன் வீட்டு எழவுடா இது?"

மடுல்சீமைக்காரன் மைக்கை இறக்கினான். "என் வீட்டு எழவுதாங்க" என்றான் மரியாதையாக.

கம்பு அவன் முகத்தில் இறங்கியது. நான் கிட்டாரைத் திருப்பிப் பிடித்து அடித்தேன். பிறகு மேடையில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று தெரியாது. எனக்கு விலா எலும்பு இரண்டு விரிசல், நானாவுக்குக் கண் புருவத்தில் தையல். ஆனால் அடுத்த வாரமே லுணுகலைப் பக்கத்திலிருந்து நாலு பேர் நடந்தே கடைக்கு வந்து, எங்கள் தோட்டத்துக்கும் வாங்க என்று கூப்பிட்டார்கள்.

மூன்று வருஷம் அப்படி ஓடியது. பாதி நிகழ்ச்சி அடிதடியில் முடியும். மேனேஜர் துரைமார் தடை போட்ட தோட்டங்களில் தேயிலை மலைக்கு அந்தப் பக்கம், ரோட்டோரத்தில் லொறியிலேயே வைத்து வாசித்தோம். அடி வாங்கி அடி வாங்கி எனக்குப் பயம் விட்டுப் போய்விட்டது என்று நினைத்திருந்தேன். அது எவ்வளவு பெரிய பொய் என்று பின்னால் தெரிந்தது.

அடுத்த காம்பராக்காரன் குடும்பத்துக்கு இந்தியாவுக்குப் போகும் பாஸ்போர்ட் வந்தது. அவனுடைய அப்பா எப்போதோ இந்தியப் பிரஜாவுரிமைக்கு எழுதிப் போட்டது. எங்கள் அப்பா இந்த நாட்டுப் பிரஜாவுரிமைக்கு எழுதியிருந்தார். ஒரே லயம், நடுவில் ஒரு சுவர். அதற்கு இந்தப் பக்கம் நான் இருப்பவன், அந்தப் பக்கம் அவன் போகிறவன். பதுளை ஸ்டேஷனில் கப்பலேறத் தலைமன்னாருக்குப் போகிற ஆட்களும் வழியனுப்ப வந்தவர்களும் ஒப்பாரி வைத்தார்கள். அவன் அழவில்லை. ரயில் பெட்டிப் படியில் நின்று, கோச்சியின் பலகைச் சுவரில் முஷ்டியால் குத்திக்கொண்டே இருந்தான். தோல் உரிந்து இரத்தம் வழிந்த பிறகும் குத்தினான்.

"கை போயிரும்டா" என்று நான் பிடித்தேன்.

"வச்சு என்ன செய்ய? அங்க எவன் கேப்பான் இத?" என்றான்.

கோச்சி நகர்ந்தது. அவனிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. கொடைக்கானல் பக்கம் மரம் வெட்டும் வேலை என்று எழுதியிருந்தான். பிறகு இல்லை.

அவனுடைய இடத்துக்கு வந்தவன் ஒரு சிங்களப் பொடியன். தெமோதரை ஸ்டேஷனில் தண்டவாள வேலை, அதனால் எங்களுக்கு அவன் ரயில்வேக்காரன். பள்ளிக்கூட பேண்டில் டிரம் அடித்திருக்கிறான். ரோட்டோரம் லொறியில் எங்களைக் கேட்டுவிட்டு, மூன்று ஞாயிற்றுக்கிழமை கடை வாசலிலேயே வந்து நின்றவன். அவன் பேசிய தமிழ் முழுக்க எங்களிடம் கற்ற தமிழ், அதில் முக்கால்வாசி கெட்ட வார்த்தை. சைக்கிள் பெடலை வைத்து இரண்டு காலாலும் டிரம்மை உதைக்கிற மாதிரி ஒன்றைச் செய்தான். அவன் உதைத்தால் அலமாரியில் ரேடியோ வால்வுகள் ஆடும். எங்கள் பேண்ட் மிக நன்றாக வாசித்தது அந்த இரண்டு வருஷம்தான். மடுல்சீமைக்காரனும் அவனும் ஒரே தட்டில் சோறு தின்பார்கள்.

டவுனில் ஒரு மண்டபத்தில் வாசித்தபோது ஒருத்தன் மேடைக்குக் கீழே நின்று, "தோட்டத்து நாய்கள் குரைக்குது" என்று சிங்களத்தில் கத்தினான். மடுல்சீமைக்காரனுக்குச் சிங்களம் தெரியும். மைக் ஸ்டாண்டின் கம்பியைக் கழற்றிக்கொண்டு குதித்தான். அந்த ஆளின் தாடை உடைந்தது. இவன் ஒரு மாதம் உள்ளே இருந்தான். அதற்குப் பிறகு பதுளையில் எங்களைத் தெரியாதவர்கள் இல்லை. யார், எங்கே பிராக்டிஸ் செய்கிறார்கள் என்பது உட்பட.

எண்பத்து மூன்று ஆடியில், தமிழர்களை எரிக்கிறார்கள் என்று கொழும்பிலிருந்து செய்தி வந்து இரண்டு நாள் கழித்துப் பதுளையில் பற்றியது. காலை பத்து மணி இருக்கும். நானும் மடுல்சீமைக்காரனும் பின்னறையில் இருந்தோம். கடைவீதியில் கண்ணாடி நொறுங்கும் சத்தம். நானா பலகைகளைப் போட்டு அடைத்துவிட்டு வந்து, "மேலே ஏறுங்க, சத்தம் காட்டாதீங்க. இது முஸ்லிம் கடைன்னு சொல்லிப் பாக்குறேன்" என்றார். மேலே பழைய ரேடியோப் பெட்டிகள் போடும் பரண். பலகை இடுக்கு வழியாக ரோடு தெரிந்தது.

எதிர்ப் புடவைக் கடை எரிந்தது. எரிகிற சேலைகள் காற்றில் எழும்பி வந்து கூரைகளில் விழுந்தன. கூட்டம் ஒன்று எங்கள் கடைக்கு முன்னால் நின்றது. நானா கையெடுத்துக் கும்பிட்டு ஏதோ சொன்னார். போய்விடுவார்கள் போலத்தான் இருந்தது. அந்த நேரம் பார்த்து ரயில்வேக்காரன் பிராக்டிஸுக்கு வந்து சேர்ந்தான். கலவரம் தெரிந்துதான் வந்தான், எங்களைப் பார்க்க. கையில் டிரம் குச்சி. கூட்டத்தில் ஒருத்தன் அவனை அடையாளம் கண்டுபிடித்தான்.

"கத்துற தமிழனுங்க எங்கே?" என்று கேட்டார்கள். அவன் தெரியாது என்றான். அவன் இடது கையை நடைபாதைக் கல்லில் வைத்து, இரும்புக் கம்பியால் அடித்தார்கள். ஒவ்வொரு அடிக்கும் கேள்வி. அவன் தெரியாது என்றான். பிறகு வலது கை. பிறகு மறுபடியும் இடது கை. எத்தனையாவது அடியில் என்று எனக்கு நினைவில்லை, அவன் தலையைத் தூக்கிப் பரணைப் பார்த்தான்.

மடுல்சீமைக்காரன் மைக் கம்பியை எடுத்துக்கொண்டான். அவன் முகத்தில் ஒரு நிம்மதி இருந்தது. ஆறு வருஷமாக எதிர்பார்த்திருந்த விருந்தாளி வந்துவிட்டது போல.

"படி சின்னது" என்றான். "ஒவ்வொருத்தனாத்தான் ஏற முடியும். நீ எனக்குப் பின்னால நில்லு. எவனாச்சும் என்னத் தாண்டுனா அடி. வர்றியா?"

"வர்றேன்" என்றேன்.

அவன் படிக்குத் திரும்பினான். கீழே நானாவின் குரல், பிறகு நானாவின் குரல் நின்றது. முதல் ஆள் ஏறினான். கம்பி மண்டையில் இறங்கின சத்தம் கேட்டது. நான் கூரை ஓடு ஒன்றைத் தள்ளினேன். இன்னொரு ஓட்டைத் தள்ளினேன். கூரை வழியாக வெளியே போய், பின் பக்கம் குதித்து, ஓயா ஆற்றின் கரையில் ஒரு மதகுக்குள் புகுந்து, சாக்கடைத் தண்ணீரில் படுத்துக்கொண்டேன். அவனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் திரும்பிப் பார்ப்பான், பார்த்தால் போக முடியாது. அது தெரிந்துதான் சொல்லவில்லை.

அவன் படியில் மூன்று பேரை விழுத்தியிருக்கிறான். பிறகு கீழே பெட்ரோல் ஊற்றிவிட்டார்கள். நெருப்புக்குள்ளாக இறங்கி ஓடினவனைக் கழுத்திலும் இடது தோளிலும் வெட்டினார்கள். மண்டை உடைந்து கிடந்த நானா தவழ்ந்து போய் அவனைப் பக்கத்துச் சந்துக்குள் இழுத்திருக்கிறார். அங்கே ஒரு பேக்கரிக்காரர் மா மூட்டைகளுக்கு அடியில் இரண்டு பேரையும் போட்டு மூடினார். அதனால்தான் பிழைத்தார்கள்.

ஒரு பள்ளிக்கூடத்தில் அகதி முகாம். அவனை ஆஸ்பத்திரியிலிருந்து அங்கே கொண்டுவந்து போட்டிருந்தார்கள். நான் அதே முகாமில் மறு கோடியில் இருந்தேன். பக்கத்தில் போக நாலு நாள் ஆனது. போன அன்றைக்கே ரயில்வேக்காரனும் வந்தான். இரண்டு கையிலும் கட்டு. வாசலில் இருந்த ஆட்கள் சிங்களவன் என்று அவனைத் தள்ளினார்கள். நானா தலைக்கட்டோடு போய் அழைத்து வந்தார்.

அவன் பாய்க்குப் பக்கத்தில் முழங்காலிட்டான். "மச்சாங், நான்தான் சொன்னது" என்றான்.

மடுல்சீமைக்காரன் நல்ல கையால் அவன் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டான். அவன் அசையவில்லை. அந்தக் கை அப்படியே இறங்கி, கட்டுப் போட்ட விரல்களைத் தொட்டது.

"எத்தன வெரலு?"

"ஆறு."

"ஆறு வெரலு ஒடஞ்சப்புறமா சொன்ன?"

"ஆமா."

மடுல்சீமைக்காரன் சிரித்தான். கழுத்துத் தையல் இழுத்ததால் அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது. பிறகு என்னைப் பார்த்தான். அவ்வளவு நேரம் நான் அங்கே நிற்பதையே அவன் பார்க்கவில்லை.

"இவன் ஆறு வெரலு குடுத்துட்டுச் சொன்னான்" என்றான். "நீ என்னத்தடா குடுத்த? வர்றேன்னு சொன்னியே."

நான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். நானா, "போயிரு தம்பி, இப்ப வேணாம்" என்றார். போனேன்.

எண்பத்தைந்தில் அவர்கள் மறுபடியும் வாசிக்க ஆரம்பித்தார்கள். நான் இல்லாமல். பேஸை விட்டுவிட்டு நானா கிட்டாருக்கு வந்தார், பேஸுக்குப் பசறையிலிருந்து ஒரு புதுப் பையன். நான் ஆரம்பித்த பேண்ட் அது. என்னை யாரும் போ என்று சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. பண்டாரவளையில் ஒரு இரும்புச் சாமான் கடையில் வேலைக்குச் சேர்ந்து, ஆணியும் தகரமும் நிறுத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு தடவை போய்ப் பார்த்தேன். ஹாலிஎலப் பக்கம் ஒரு தோட்டம், காலையில் ஆட்களை வேலைக்குப் பிரிக்கிற பெரட்டுக்களத்தில் மேடை, போயா என்கிற பௌர்ணமி விடுமுறைப் பகல். கூட்டத்தின் நடுவில் தொப்பியை இழுத்து விட்டுக்கொண்டு நின்றேன். ரயில்வேக்காரனின் விரல்கள் கோணலாகச் சேர்ந்திருந்தன. சைக்கிள் டியூபை வெட்டிக் குச்சிகளைக் கையோடு கட்டியிருந்தான். மடுல்சீமைக்காரனின் தொண்டையில் வெட்டு எதையோ மாற்றியிருந்தது. முன்பு அது மனிதன் போடுகிற கத்தல், இப்போது இடிந்து விழுகிற எதுவோ ஒன்றின் சத்தம். புதிதாக ஒரு பாட்டு, ஒரே வரி. வர்றேன்னு சொன்னியே, வர்றேன்னு சொன்னியே. பொடியன்கள் அதைத் திருப்பிக் கத்தினார்கள். என்னைச் சுற்றி நானூறு பேர் அதைக் கத்தினார்கள். நான் இருந்த காலத்தைவிட நன்றாக வாசித்தார்கள். அதுதான் என்னை அதிகமாக அடித்தது.

எனக்குப் பக்கத்தில் நின்ற ஒருத்தன் கல்லை எடுத்து மேடைக்கு எறிந்தான். இரண்டாவது கல்லை எடுக்கக் குனிந்தபோது அவன் மூக்கில் முழங்காலால் இடித்தேன். எலும்பு நொறுங்கியது முழங்காலுக்கே தெரிந்தது. அவன் விழுந்த பிறகும் மிதித்தேன். ஆட்கள் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது. எனக்கு அது இனித்தது, மறைக்க மாட்டேன். நிகழ்ச்சி முடிந்து சாமான் ஏற்றும்போது மடுல்சீமைக்காரன் லொறியின் பின்னாலிருந்து பார்த்தான்.

"மூக்கு ஒடச்சது நீயா?"

"ஆமா."

"ம்" என்றான். தண்ணீர்ப் போத்தலை என் பக்கம் தள்ளிவிட்டு ஏறிப் போய்விட்டான்.

எண்பதுகளின் கடைசியில் அரசாங்கத்தை எதிர்த்துச் சிங்களப் பொடியன்கள் கிளம்பினார்கள், செத்தார்கள். காலையில் பாலத்தடியில் உடம்புகள், ரோட்டோரத்தில் ஆள் எரிந்து புகைகிற டயர்கள். யார் கொன்றார்கள் என்று கேட்டவனும் அடுத்த நாள் அங்கே கிடப்பான். ஒரு நாள் மதியம், சாப்பாட்டுப் பார்சலைப் பிரிக்கும் நேரம், நம்பர் இல்லாத வாகனத்தில் வந்தவர்கள் ரயில்வேக்காரனைத் தெமோதரை ஸ்டேஷனிலிருந்து தூக்கிக்கொண்டு போனார்கள். அவனுக்கு எந்தக் கட்சியும் தெரியாது. விரல்கள் கோணலாக இருந்ததால், குண்டு செய்து உடைத்துக்கொண்டவன் என்று யாரோ சொல்லியிருக்கலாம் என்றார் நானா.

நானாதான் பண்டாரவளைக் கடைக்கு வந்து என்னைக் கூப்பிட்டார். வெளியே மடுல்சீமைக்காரனும் ரயில்வேக்காரனின் அம்மாவும் நின்றார்கள். "அவுங்களுக்குக் கண்ணு சரியாத் தெரியாது" என்றான் அவன் என்னிடம். "நாமதான் பாக்கணும்."

பதினொரு நாள் தேடினோம். ஒவ்வொரு டயர் குவியலிலும் அவனும் நானும் இறங்கி, முகம் இல்லாதவர்களின் கைகளைப் பார்த்தோம். விரல்களை வைத்துத்தான் அவனைக் கண்டுபிடிக்க முடியும். நான் ஒரு பக்கம் புரட்டுவேன், அவன் மறுபக்கம் புரட்டுவான். ஒரு தடவை நான் வாந்தி எடுத்தபோது என் நெற்றியைப் பிடித்துக்கொண்டான். ரயில்வேக்காரன் கிடைக்கவில்லை.

பன்னிரண்டாம் நாள் அம்மா எங்களோடு நானாவின் புதுக் கடைக்கு வந்தார். மகன் என்ன வாசித்தான் என்று எனக்குத் தெரியாது, வீட்டில் அவன் மேசையைத் தட்டினால் சத்தம் போடாதே என்று ஏசியிருக்கிறேன் என்று சிங்களத்தில் சொன்னார். நானா ஒரு கெசட்டைத் தேடி எடுத்தார். பிராக்டிஸில் பதிந்தது. அந்தச் சத்தத்தில் எது என் மகன் என்று அம்மா கேட்டார். மடுல்சீமைக்காரன் அவர் கையைப் பிடித்து ஸ்பீக்கரில் வைத்தான். இரண்டு கால் உதையும் அதிலே இடித்தது.

"இவனுக்கு இவ்வளவு கோபம் எங்கேயிருந்து வந்தது?" என்றார் அம்மா.

திரும்பவும் போடச் சொன்னார். கேட்டு முடித்துவிட்டு முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டார், தெமோதரை பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றார். மடுல்சீமைக்காரன் அவருடைய பையை வாங்கிக்கொண்டு எழுந்தான். நான் அவர்களோடு ஸ்டாண்ட் வரைக்கும் போனேன்.